மூப்பும் தைராய்டுச் சுரப்பியும்

மூப்பு வேறு, வியாதி வேறு. மூப்பு இயற்கையின் நியதி. வியாதி நீக்கத் தக்க கேடு. இவ்விரண்டையும் பிரித்தறிவது வைத்தியரின் கடமை மாத்திரமன்று. பெரியோரை வீட்டில் வைத்துப் பேணும் ஒவ்வொருவருடைய கடமையுமாகும். பிரித்தறியத் தவறுமிடத்து இருவகை அநீதி நேருகிறது. வியாதியை மூப்பென்று எண்ணி, “வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்” என்று கைவிட்டு விடுவது ஒன்று. மூப்பின் இயல்பான மாறுதலை வியாதியென்று எண்ணி, ஆயுள் முழுவதும் மருந்துண்ணும்படி விதித்து விடுவது மற்றொன்று. இவ்விரு அநீதிகளுக்கும் ஒருங்கே இடமளிக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி இன்று எழுதக் கருதுகிறோம். அது தைராய்டுச் சுரப்பியின் விஷயம்.

தேச விவகாரங்களுக்குரிய இப்பக்கத்தில் இதற்கென்ன இடம் என்று சில அன்பர்கள் ஐயுறக்கூடும். 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி நமது தேசத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கு மேற்பட்டவர். அதன்பின் அத்தொகை பெருகியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை. இத்தனை கோடிப் பேருடைய தேக நிலையை எந்த அளவுகோலால் அளப்பது, அவ்வளவுகோலை யார் நிர்ணயிப்பது என்பன பொது விவகாரங்களேயாம்.

சுரப்பியின் தொழில்

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக் குழாயைத் தழுவிக்கொண்டு, சிறகு விரித்த வண்ணத்துப் பூச்சியைப் போன்ற வடிவில் அமைந்திருப்பது தைராய்டு. பிராயம் வந்தவர்களிடத்தில் அதன் நிறை 15 முதல் 25 கிராம் வரையில்தான். ஆயினும் தேகத்தின் அனல், இருதயத்தின் துடிப்பு, குடலின் அசைவு, மூளையின் சுறுசுறுப்பு ஆகிய யாவும் அது சுரக்கும் ஹார்மோன்களின் அளவைப் பொறுத்தே நடைபெறுகின்றன. அவற்றுள் பிரதானமானது தைராக்ஸின். அதன் ஒவ்வோர் அணுத்திரளிலும் அயோடின் அணுக்கள் நான்கு உண்டு. அவற்றில் ஒன்று நீங்கி மூன்று எஞ்சியிருப்பது டி-3 என்னும் ஹார்மோன். தேகத்தில் நேரே வேலை செய்வது பெரும்பாலும் இந்த டி-3 தான்.

இச்சுரப்பி தன்னிச்சையாக நடப்பதன்று. மூளையின் அடியில் பயறளவாக உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி அதற்கு மேலதிகாரி. கலெக்டர் தாசில்தாருக்குத் தாக்கீது அனுப்புவது போல, பிட்யூட்டரியானது டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனை இரத்தத்தின் வழியே தைராய்டுக்கு அனுப்புகிறது. கீழே வேலை மந்தமானால் தாக்கீதுகள் பெருகும். வேலை மிஞ்சினால் தாக்கீதுகள் நின்றுவிடும். ஆகவே இரத்தத்தில் டி.எஸ்.எச். மிகுந்திருந்தால் தைராய்டு மந்தமென்றும், மிகக் குறைந்திருந்தால் தைராய்டு வரம்பு மீறிச் சுரக்கிறதென்றும் வைத்தியர்கள் ஊகிக்கிறார்கள். ஊகம் சரியானதே. ஆனால் “மிகுதி” என்றும் “குறைவு” என்றும் சொல்வதற்கு ஓர் எல்லை வேண்டுமல்லவா? அந்த எல்லை யாருடைய இரத்தத்தைக் கொண்டு வகுக்கப்பட்டது என்பதில்தான் சங்கடம் தொடங்குகிறது.

வெற்றியும் அதன் நிழலும்

இச்சுரப்பியின் குறைவு உண்மையிலேயே கொடிய வியாதி என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். 1873-ம் வருஷத்தில் லண்டனில் ஸர் வில்லியம் கல் என்னும் வைத்தியர், நடுவயதுப் பெண்களுக்கு முகம் வீங்கி, தோல் தடித்து, பேச்சும் புத்தியும் மந்தமாகும் ஒரு நிலையை வர்ணித்தார். பின்னர் அதற்கு மிக்ஸெடிமா என்று பெயராயிற்று. 1891-ல் நியூகாஸில் நகரத்து வைத்தியரான ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாரத்தை 46 வயதுள்ள ஒரு மாதுக்கு ஊசி மூலம் செலுத்தினார். மந்தமாய்க் கிடந்த அம்மாது தேறி எழுந்தார். 1919-ல், தமது 74-ம் வயதில்தான் காலமானார். இடைப்பட்ட 28 வருஷங்களில் அவருக்காக 870 ஆடுகளுக்கு மேற்பட்டவற்றின் சுரப்பிகள் செலவாயின. 1914-ல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-ல் ஹாரிங்டன், பார்ஜர் என்ற இருவர் அதைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினர். இன்று அது சிறு மாத்திரையாகக் கிடைக்கிறது; வைத்திய சாஸ்திரத்தின் நிச்சயமான வெற்றிகளுள் அது ஒன்று.

ஆனால் பெரிய வெற்றிக்கும் ஒரு நிழல் உண்டு. மிக்ஸெடிமாவின் குறிகளான நரை, தோல் வறட்சி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, மறதி, சோர்வு ஆகியவை மூப்பின் குறிகளையே ஒத்திருந்தன. ஆகவே மூப்பு என்பதே தைராய்டு தேய்வதால் உண்டாவதுதான் என்றும், சாரத்தைக் கொடுத்தால் மூப்பை ஒத்திப்போடலாம் என்றும் ஐரோப்பாவில் சிலர் அக்காலத்தில் நம்பினர். அக்கொள்கை நிலைக்கவில்லை. எனினும் அதன் நிழல் இன்றும் நீங்கிற்றில்லை. முதியவர் ஒருவர் சோர்வாக இருக்கிறார், இரத்தத்தைச் சோதிக்கிறார்கள், டி.எஸ்.எச். சற்று மிகுந்திருக்கிறது, சீட்டில் அந்த எண் தடித்த எழுத்தில் அச்சாகி வருகிறது, மறுநாளே மாத்திரை தொடங்குகிறது. சோர்வுக்கு அந்த எண்தான் காரணமா என்று கேட்பார் இல்லை.

வயதோடு நேரும் மாறுதல்

வயது ஏற ஏறத் தைராய்டு சற்றுச் சுருங்கி நார்ப்பற்று ஏறுகிறது. அது நாள்தோறும் ஆக்கும் தைராக்ஸின் அளவு குறைகிறது. ஆனால் தேகம் அந்த ஹார்மோனைச் செலவழிக்கும் வேகமும் கூடவே குறைகிறது. வரவும் செலவும் ஒருங்கே குறையும் குடும்பத்தில் கையிருப்பு மாறாதது போல, இரத்தத்திலுள்ள தைராக்ஸின் அளவு முதுமையிலும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கிறது. டி-3 மாத்திரம் சற்றுத் தாழ்கிறது. டி.எஸ்.எச். அளவோ, அயோடின் போதிய தேசங்களில், வயதோடு மெல்ல ஏறுகிறது.

எவ்வளவு ஏறுகிறது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல்லாயிரம் ஜனங்களிடம் எடுத்த சோதனைகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. தைராய்டு நோயில்லாதவர்களை மட்டும் கொண்டு பார்த்ததில், 20 முதல் 29 வயதுள்ளோருக்கு இயல்பின் மேலெல்லை லிட்டருக்கு 3.56 மில்லி யூனிட். 80 வயதைக் கடந்தோருக்கோ அது 7.49. அதாவது, வாலிபனிடத்தில் நோயின் குறியாகத் தோன்றும் ஓர் எண், அவனுடைய பாட்டனாரிடத்தில் இயல்பாகவே இருக்கக்கூடும். அவ்வாறிருக்க, 25 வயதினருக்கும் 85 வயதினருக்கும் ஒரே எல்லையை அச்சடித்துக் கொடுத்தால், ஆரோக்கியமுள்ள முதியவர்கள் பலர் ஒரே நாளில் நோயாளிகளாகி விடுகிறார்கள்.

ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் 85 வயது எய்திய முதியோர் 500-க்கு மேற்பட்டவர்களைச் சோதித்து, சில வருஷ காலம் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 2004-ல் வெளியான முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. டி.எஸ்.எச். மிகுந்திருந்தவர்கள் மற்றவர்களினும் விரைவில் இறக்கவில்லை. அவர்களே நீடித்து வாழ்ந்தார்கள். நூறாண்டு கடந்த யூதர்களிடையே நடத்திய ஆராய்ச்சி ஒன்றிலும், அவர்களுடைய டி.எஸ்.எச். இளையோரினும் மிகுந்திருந்ததாக 2009-ல் அறிவித்தனர். இவற்றைக் கொண்டு டி.எஸ்.எச். மிகுதியால் ஆயுள் நீளும் என்று முடிவு கட்டுவது அவசரமாகும். ஆனால் முதுமையில் அந்த எண் சற்று ஏறியிருப்பது எப்போதும் கேடு என்ற எண்ணம் தவறு என்பது இவற்றால் விளங்குகிறது. எண்ணெய் குறையும் விளக்கைத் தணித்து எரிப்பது போல, இயற்கையே இவ்வேற்பாட்டைச் செய்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு.

மாத்திரையால் பயன் உண்டா?

ஊகத்தை விட்டு நேரான சோதனைக்கு வருவோம். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஹாலந்து, ஸ்விட்ஜர்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரைத் தேர்ந்தெடுத்தனர். எல்லோருக்கும் தைராக்ஸின் அளவு இயல்பாகவே இருந்தது, டி.எஸ்.எச். மாத்திரம் 4.6-க்கு மேல், 20-க்குள் இருந்தது. ஒரு பாதியினருக்குத் தைராக்ஸின் மாத்திரையும், மறு பாதியினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தனர். யாருக்கு எது என்பது உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழிந்தபின் பார்த்தபோது, மருந்துண்டவர்களின் எண் இறங்கியிருந்தது. ஆனால் அவர்களுடைய சோர்வோ, மற்றக் குறைகளோ, போலி மாத்திரை உண்டவர்களைக் காட்டிலும் குறையவில்லை. இம்முடிவு 2017-ல் பிரசுரமாயிற்று. 80 வயதைக் கடந்தோரைப் பற்றித் தனியே தொகுத்த கணக்கு 2019-ல் வெளிவந்தது. அதன் முடிவும் இதுவே. எண் திருந்தியது, மனிதர் திருந்தவில்லை. அதே வருஷத்தில், பல தேசத்து வைத்தியர்களும் நோயாளிகளும் சேர்ந்த ஒரு குழுவினர், இந்நிலையிலுள்ள முதியோர்க்கு வழக்கமாக இம்மருந்து கொடுக்க வேண்டுவதில்லை என்று உறுதியாகக் கூறினர்.

இச்சோதனையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அதிற் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு டி.எஸ்.எச். 10-க்குக் கீழேயே இருந்தது. 10-க்கு மேற்பட்டவர் விஷயத்தில் வைத்தியர் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். தைராக்ஸினே குறைந்துவிட்டவர்களுக்கோ மருந்து இன்றியமையாதது; அதில் ஐயமே இல்லை.

“பயனில்லாவிட்டாலும் தீங்கில்லையே, சிறு மாத்திரைதானே” என்பாரும் உளர். முதுமையில் அது பொருந்தாது. அளவு மிஞ்சினால் தைராக்ஸின் இருதயத்தைத் தாக்கும். அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் ஊரில் 60 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 2,000 பேரைப் பத்து வருஷம் கவனித்து 1994-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், டி.எஸ்.எச். மிகவும் தாழ்ந்திருந்தவர்களுக்கு இருதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நோய் மூன்று மடங்கு மிகுதியாக வந்ததென்று கண்டார்கள். அந்நோயால் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்று பக்கவாதம் உண்டாகக்கூடும். எலும்புகளும் நொய்ந்து போகும். நொய்ந்த எலும்புள்ள முதியவர் இடறி விழுந்தால் அதன்பின் எழுந்து நடமாடுவது அரிது.

மறைந்து நிற்கும் வியாதி

நிற்க. மேலே கூறியதைக் கொண்டு, முதியோர்க்குத் தைராய்டுச் சோதனையே வேண்டாமென்று யாரும் கருதிவிடலாகாது. முதலிற் குறித்த இரு அநீதிகளில் மற்றதும் இதற்குக் குறைந்ததன்று. வாலிபர்களிடத்தில் இவ்வியாதி பல குறிகளோடு வெளிப்படுகிறது. முதியோரிடத்தில் மறைந்து நிற்கிறது. தைராக்ஸின் உண்மையாகவே வற்றிப்போன முதியவர், பேச்சுக் குறைந்து, மறதி மிகுந்து, ஒரு மூலையில் ஒடுங்கிவிடுகிறார். வீட்டார் அதை மூளைத் தளர்ச்சியென்றோ மனச்சோர்வென்றோ கொள்ளுகின்றனர். மாத்திரையால் மீளக்கூடிய ஒரு மனிதர் மீளாமலே போகிறார்.

மிகுதிச் சுரப்பின் கதை இன்னும் விசித்திரமானது. இளையோருக்கு அது வந்தால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, மிகுந்த பசி யாவும் தோன்றும். முதியோருக்கோ பசி அடங்கி, உடல் இளைத்து, முகம் வாடி, ஊக்கமின்றி இருப்பதே குறியாக நிற்பதுண்டு. இதனை 1931-லேயே பிராங்க் லேஹி என்ற அமெரிக்க ரண வைத்தியர் எடுத்துக் காட்டினார். காரணமின்றி எடை குறையும் முதியவரையும், திடீரென இருதயத் துடிப்பு முறை தவறிய முதியவரையும் “வயதின் கோளாறு” என்று சொல்லி அனுப்பிவிடுவது பெரும் பிழை. ஒரு துளி இரத்தச் சோதனையால் உண்மை வெளிப்படக்கூடும்.

உப்பும் மூப்பும்

முதுமையில் தைராய்டு எத்திசையிற் கெடும் என்பது அவரவர் தேசத்து மண்ணையும் உப்பையும் பொறுத்தது என்பதை அறிந்தோர் சிலரே. டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில் அக்காலத்தில் உணவில் அயோடின் குறைவு. ஐஸ்லாந்தில் மீனுணவால் அயோடின் மிகுதி. இவ்விரு இடத்து முதியோரையும் ஒப்பிட்டு 1998-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஐஸ்லாந்து முதியோரில் நூற்றுக்கு 18 பேருக்கு டி.எஸ்.எச். மிகுந்திருந்தது, ஜட்லாந்தில் அவ்வாறிருந்தவர் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. டி.எஸ்.எச். தாழ்ந்திருந்தவர்களோ ஜட்லாந்தில் நூற்றுக்குச் சுமார் 10 பேர், ஐஸ்லாந்தில் ஒருவரே. அயோடின் வறண்ட தேசத்தில் சுரப்பி பல்லாண்டு வருந்தி உழைத்துக் கழலைகளாகப் புடைக்கிறது. அக்கழலைகள் முதுமையில் மேலதிகாரியின் தாக்கீதை மதியாமல் தாமே சுரக்கத் தொடங்குகின்றன. அயோடின் மிகுந்த தேசத்திலோ சுரப்பி மந்தமாவதே அதிகம்.

இது நமக்கு மிகவும் நெருங்கிய விஷயம். 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவருடைய சகாக்களும் ஹிமாலய அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று வட்டாரங்களாகப் பிரித்து, இரண்டில் அயோடின் சேர்த்த உப்பையும் ஒன்றில் சாதாரண உப்பையும் வழங்கினர். சில வருஷங்களில் முதலிரண்டு வட்டாரங்களில் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. அதன் பயனாக 1962-ல் தேசீயத் திட்டம் ஏற்பட்டது. ஆனால் உண்ணும் உப்பு முழுவதிலும் அயோடின் சேர்ப்பதென்ற கொள்கை 1980-களில்தான் உருவாயிற்று. 2000-ல் அயோடின் இல்லாத உப்பின் மீதிருந்த மத்திய சர்க்காரின் தடை நீக்கப்பட்டு, 2006-ல் மீண்டும் அமலுக்கு வந்தது. ஆகவே இன்று 70 வயதைக் கடந்து நிற்கும் நம் பெரியோர்களிற் பலர் தங்கள் பாலியத்தையும் வாலிபத்தையும் ஒருவகை உப்போடும், முதுமையை வேறொருவகை உப்போடும் கழித்தவர்கள். அவர்களுடைய சுரப்பியின் சரித்திரம் அமெரிக்க முதியவரின் சரித்திரமன்று. ஐஸ்லாந்து முதியவரின் சரித்திரமுமன்று.

நமது எட்டு நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத் தைராய்டுக் குறைவு உண்டென்றும், 35 வயதைக் கடந்தோருக்கு அது மிகுதியென்றும் கூறிற்று. சென்னையும் அவ்வெட்டில் ஒன்று. இவ்வாறு கணக்கிடப்படுவோருள், மருந்து வேண்டிய நோயாளி யார், வயதின் மாறுதல் மாத்திரம் உடையவர் யார் என்று பிரிப்பதற்கு, நம் ஜனங்களிடமிருந்தே, வயதுவாரியாக, நமக்கென எடுத்த அளவுகள் வேண்டும். அந்நிய நாட்டு விஞ்ஞானத்தை நாம் வெறுக்கவில்லை. அதனிடமிருந்து கற்றதையே மேலே எழுதினோம். ஆனால் அந்த விஞ்ஞானமே நமக்குக் கற்பிப்பது, ஒவ்வொரு ஜனசமூகமும் தன்னைத் தானே அளந்துகொள்ள வேண்டுமென்பதுதான். இரவல் அளவுகோலால் தன் பெரியோரை அளப்பது சுயராஜ்யத்திற்கு அழகன்று.

செய்ய வேண்டுவன

முதலாவது, சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் தனியார் பரிசோதனைச் சாலைகளிலும் தரும் சீட்டுகளில் வயதுக்குத் தக்க எல்லையை அச்சிட வேண்டும். இரண்டாவது, ஒரு முறை எடுத்த எண்ணைக் கொண்டு ஆயுள் முழுவதற்கும் மருந்து விதிக்கலாகாது. காய்ச்சலிலிருந்தோ பெரு நோயிலிருந்தோ தேறும் காலத்தில் டி.எஸ்.எச். தானே சில நாள் ஏறி இறங்கும். ஆகவே இரண்டு மூன்று மாதங்கள் கழித்து, தைராக்ஸின் அளவையும் சேர்த்து, மீண்டும் சோதித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மூன்றாவது, இருதய நோய்க்கும் மனநோய்க்கும் வழங்கும் சில மருந்துகள் தைராய்டை மாற்றும். கேசத்திற்கென்று உண்ணும் பயோட்டின் மாத்திரை சோதனையின் எண்ணையே பிறழச் செய்யும். உண்ணும் மருந்துகள் யாவற்றையும் வைத்தியரிடம் மறையாது சொல்ல வேண்டும். நான்காவது, உண்மையில் மருந்து வேண்டிய முதியோர்க்கு அதைச் சிறு அளவில் தொடங்கி மெல்ல உயர்த்த வேண்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் உண்பதும், சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி உண்பதும் நல்லது. ஏற்கெனவே மருந்துண்டு வருபவர் எவரும் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது; வைத்தியரை அணுகி, “எனக்கு இது ஏன் வேண்டும்?” என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

ஐந்தாவது, உப்பு. உப்பின் பொருட்டு 1930-ல் தண்டிக்கும் வேதாரண்யத்திற்கும் நடந்து சிறை புகுந்தவர்கள் நம் முன்னோர். அப்படிப்பட்ட தேசத்தில், 2018-19-ல் எடுத்த கணக்கின்படி, போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்திய வீடுகள் நூற்றுக்கு 76 தான். உப்பு விளையும் தூத்துக்குடியைத் தன்னகத்தே கொண்ட தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 62 தான். இன்று குழந்தை உண்ணும் உப்பு, அறுபது வருஷங்களுக்குப் பின் அதன் முதுமையை நிர்ணயிக்கும்.

கிராமங்களில் தொண்டு செய்யும் அன்பர்கள் இவ்விஷயத்திலும் கவனம் செலுத்துவார்களாக. முதியவர் ஒருவர் ஒடுங்கியிருக்கக் கண்டால், வயதென்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லட்டும். சீட்டில் ஓர் எண் சற்றே தவறியதால் கலங்கி நிற்கும் முதியவரைக் கண்டால், மறு சோதனை வரையில் பொறுத்திருக்கும்படி தைரியம் சொல்லட்டும். கடைத்தெருவில் அயோடின் இல்லாத உப்பு விற்கக் கண்டால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கட்டும். சர்க்கார் செய்ய வேண்டியதைச் செய்யும் வரையில் ஜனங்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. இம்மூன்றையும் நாளையே தொடங்கலாம்.